நாற்பத்தொரு ஊர்

அண்ணாகிராமம் ஒன்றியத்தில் ஒரு ஊர்ச் சமுதாயக் கூடத்துக்குள் அறிவழகன் நுழைந்தபோது பெண்கள் எல்லாரும் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கும்படியாகத்தான் இருந்தான். ஐப்பசி மழையில் அக்காவைப் பின்னால் உட்காரவைத்து அத்தனை தூரம் பைக் ஓட்டிக்கொண்டு வந்தவன், வாசலிலேயே மழைக்கோட்டைக் கழற்றி உதறி மடித்து வைத்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து, சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டுதான் உள்ளே வந்தான். அந்த இளநீலச் சட்டை அக்காவின் கூட்டங்களுக்கென்றே ஒதுக்கி வைத்தது. முந்தின நாளே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிடுவான். மற்ற நாட்களில் சிதம்பரம் கீழ வீதியில் அவன் வேலை செய்யும் பிளக்ஸ் கடைக்கு மைக்கறை படிந்த டீ சர்ட்தான் போட்டுக்கொண்டு போவான்.

அவனுடைய அக்கா சத்யப்பிரியா மைக்கை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு வணக்கம் சொன்னாள். மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர் அவள். அடையாள அட்டைக்கும் சக்கர நாற்காலிக்கும் காது மெஷினுக்கும் மனு எழுதிக் கொடுத்து அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவது வேலையில் ஒரு பாதி. ஊர் ஊராகப் போய் மகளிர் குழுக்களைக் கூட்டிப் பேசுவது மறுபாதி. முதல் பாதியில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். இரண்டாவது பாதியில்தான் அவளுக்குப் பெயர் கிடைத்தது.

"எங்கம்மாவுக்கு எங்கப்பா சொந்தத் தாய்மாமன். நெலம் வெளிய போவக் கூடாதுன்னு கட்டி வெச்சாங்க. மொதல்ல நான் பொறந்தேன், எனக்கு ஒண்ணுமில்ல. ரெண்டாவது பொறந்தது என் தம்பி."

இந்த இடத்தில் அவளுடைய வலது கை தானாக நீளும்.

"இதோ உக்காந்திருக்கான் பாருங்க. பொறந்ததுலேர்ந்து காது கேக்காது, வாய் பேச வராது. இந்த மாதிரி ஒரு புள்ள ஒங்க வூட்ல பொறக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

"வேணாம்மா" என்று நாலைந்து குரல் எழும். மற்றவர்கள் உச்சுக் கொட்டித் தலையாட்டுவார்கள். அக்காவின் கை தன் பக்கம் நீண்டதும் அறிவழகன் எழுந்து நின்று, எல்லாரையும் பார்த்துக் கை கூப்பிச் சிரிப்பான். அவனுக்குக் கேட்காது அல்லவா. தன்னை அறிமுகப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் பேசிய முதல் கூட்டத்தில், நெருங்கின சொந்தத்தில் கல்யாணம் செய்தால் பிள்ளைகளுக்கு என்னென்ன குறை வர வாய்ப்பு உண்டு என்று படம் போட்டு, சதவீதம் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினாள். முன்வரிசையில் ஒருத்தி, "எங்க வூட்ல மூணு தலமொறையா அத்த மவன்தாம்மா. எல்லாம் கல்லு மாதிரி இருக்குதுங்க" என்றாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவ்வளவுதான், அன்றைய விழிப்புணர்வு முடிந்தது. அடுத்த கூட்டத்தன்று ஸ்கூட்டி மக்கர் செய்ததால் தம்பி பைக்கில் கொண்டுவந்து விட்டான். ஹெல்மெட்டும் கையுமாக அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். இங்கேயும் ஜனங்கள் கொட்டாவி விட ஆரம்பித்தபோது அவளுடைய வாய் தன்பாட்டுக்கு "அதோ நிக்கிறான் பாருங்க என் தம்பி" என்றது. கூடம் ஊசி விழுந்தால் கேட்கும் அமைதிக்கு வந்தது. அந்த அமைதியை ஒருமுறை ருசி பார்த்தவர்கள் விடமாட்டார்கள். அவளும் விடவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவன் கேட்டான், என்னைப் பற்றி என்ன சொன்னாய் என்று. இருவருக்கும் சின்ன வயதிலிருந்து ஒரு கைப்பேச்சு உண்டு. கடலூரில் காது கேளாதோர் பள்ளி விடுதியில் பத்தாவது வரை படித்துவிட்டு வந்தபிறகு அதில் அவன் இன்னும் நூறு சைகைகளைச் சேர்த்து அவளுக்கும் கற்றுக்கொடுத்திருந்தான். 'நல்லா வேலை பார்க்கிறவன், கம்ப்யூட்டரில் படம் போடுகிறவன் என்று சொன்னேன்' என்று கையால் சொன்னாள். முழுப் பொய்யும் இல்லை. பேச்சின் கடைசியில் அதையும் ஒரு வரி சொல்லத்தான் செய்திருந்தாள். மறுவாரம் அவனாகவே இளநீலச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டான்.

பேச்சினால் பலன் இல்லை என்றும் சொல்ல முடியாது. புவனகிரிப் பக்கத்தில் விருத்தாம்பாள் என்ற பெண், தன் மகளைச் சொந்தத் தம்பிக்கே கொடுக்கத் தேதி குறித்திருந்தவள், கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போய் அந்தக் கல்யாணத்தை நிறுத்திவிட்டாள். பத்தொன்பது வயதில் அந்த மகள் இப்போது நர்ஸிங் படிக்கிறாள். அதை அலுவலக அறிக்கையில் தனிப் பெட்டி கட்டிப் போட்டார்கள். சத்யப்பிரியா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தாள்.

இந்த அண்ணாகிராமம் கூட்டத்தில் அறிவழகன் கையில் போன் இருந்தது. புதுசு. நெஞ்சுக்கு நேராக அதை அவள் பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீடியோ எடுக்கிறான் என்று நினைத்து அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசினாள். கை நீண்டது. அவன் எழுந்திருக்கவில்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு தரம் நீட்டினாள். அவன் நிமிர்ந்து அவளைப் பார்க்காமல் பெண்களைப் பார்த்தான். தலையாட்டிக்கொண்டிருந்த ஒவ்வொரு முகமாக, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் பார்த்தான். பிறகு எழுந்து கை கூப்பினான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

திரும்பும் வழியில் வடலூர் நான்கு ரோட்டில் மழை வலுத்தது. டீக்கடைக் கூரைக்குக் கீழே வண்டியை ஒதுக்கி நிறுத்தி, இரண்டு டீ வாங்கி, அவளுடையதை அவளிடம் கொடுத்தான். தன்னுடையதைப் பெஞ்சில் வைத்துவிட்டு, சட்டைப்பையில் பாலித்தீன் உறைக்குள் இருந்த போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

வீடியோ இல்லை, எழுத்து. அவள் பேசியது மொத்தமும் புள்ளி இல்லாமல், கமா இல்லாமல், மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கியிருந்தது. பேசப் பேச எழுதிக்கொடுக்கிற ஒரு செயலியாம். கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பள்ளிக்கூட நண்பர்கள் கூடுவார்கள்; அங்கேதான் ஒருவன் ஏற்றிக் கொடுத்திருக்கிறான். அறிவழகன் சரியான இடத்தில் எழுத்தை நிறுத்தி வைத்திருந்தான். 'இந்த மாதிரி ஒரு புள்ள ஒங்க வூட்ல பொறக்கணுமா நீங்களே சொல்லுங்க.' அதற்கு அடுத்த வரியில், யார் சொன்னது என்று இல்லாமல், 'வேணாம்மா வேணாம் வேணாம்.'

சத்யப்பிரியாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கையில் டீ கிளாஸ் வேறு. அதை வைத்தால்தான் அவனிடம் பேச முடியும். வைக்கத் தோன்றாமல் பிடித்துக்கொண்டே நின்றாள். சூடு விரலில் ஏறிக்கொண்டிருந்தது.

அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான். விரல்களை விரித்து, மடக்கி, காற்றில் வீடுகளைப் போல் கூரை போட்டுக் காட்டினான். எத்தனை ஊர்?

அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் அவளே தன் கையால் பதிவேட்டில் வரிசை எண் போட்டு எழுதுவது. பூசி மெழுகியிருக்கலாம், இரண்டு மூன்று என்று சொல்லியிருக்கலாம். ஏனோ அந்த நேரத்தில் பொய் வரவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நாலு விரலைக் காட்டினாள், பிறகு ஒரு விரலை. நாற்பத்தொன்று.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். மழை விடுகிறவரைக்கும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு டீயைக் குடித்து முடித்தான்.

சண்டை ஒன்றும் போடவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், அக்கா மகள் இளமதிக்கு எப்போதும்போல் பன் பட்டர் வாங்கிவந்தான். சத்யப்பிரியாவின் கணவன் அன்புமணி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்ததால், சேத்தியாத்தோப்பு அம்மா வீட்டில்தான் அவளும் மகளும் இருந்தார்கள். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆனால் அவள் கையைத் தூக்கினால் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நாமெல்லாம் பேசாமல் இருந்தாலும் எதிராளி சொல்வது காதில் விழுந்துதான் தீரும். அவன் பார்க்கவில்லை என்றால் அவளால் அவனிடம் ஒரு சொல்கூடச் சொல்ல முடியாது. மன்னித்துவிடு என்பதைச் சொல்வதற்கே அவன் பார்க்க வேண்டியிருந்தது. தாளில் எழுதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் அதை மடித்து, படிக்காமல், ஜன்னலில் வைத்தான்.

அந்த நாட்களில் அவளுக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்து தொலைத்தது. இளமதி பிறந்து மூன்றாம் மாதம், தூளிக்குப் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் ஓங்கி அடித்தாள். குழந்தை திடுக்கிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவள் சந்தோஷத்தில் உட்கார்ந்து தேம்பினாள். நிமிர்ந்தபோது கதவருகே அறிவழகன் நின்றிருந்தான், அவள் கையிலிருந்த தட்டைப் பார்த்தபடி. அவன் உள்ளே வந்தான். குழந்தையைத் தூக்கி மார்பில் போட்டுத் தட்டிக்கொடுத்தான்.

இரண்டாவது வாரம் அம்மா பட்டம்மாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள்.

"என்னாடி சொன்ன அவன? ஒம் மூஞ்சியே பாக்க மாட்டேங்கிறான்."

"கூட்டத்துல நான் பேசறத படிச்சிட்டாம்மா."

பட்டம்மாள் களைந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினாள். அவளும் ஒரு கூட்டத்துக்கு வந்திருக்கிறாள், பக்கத்து ஊரில், முதல் வருஷம். மகள் பேசுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப்பிறகு எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்பாள், முழங்கால் வலி என்பாள். மகளும் அதை அப்படியே நம்பிக்கொண்டாள்.

"நீ பேசினத நான் அன்னைக்கே கேட்டன்" என்றாள் பட்டம்மாள். "எம் மாமன நான் கட்டிகிட்டது தப்புன்ற. சரி, படிச்சவ, டாக்டருங்க சொல்றத சொல்ற. நாலு பொண்ணுங்க தப்பிச்சா நல்லதுதான். ஆனா இவன பெத்ததையும் தப்புன்னு சொல்றியே, பாப்பா."

"நான் அப்பிடி சொல்லலம்மா."

"வேற எப்பிடி சொன்ன?"

சத்யப்பிரியா காய் நறுக்கினாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, மூன்று வருஷமாக அம்மா இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தனக்குச் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள் என்பது பெரிதாக வலித்தது.

டிசம்பர் மூன்று மாற்றுத்திறனாளிகள் தினம். கடலூரில் பெரிய மண்டபம், மாவட்ட அதிகாரிகள், ஐந்நூறு பேர். நிறுவனத்தின் சார்பில் அவள் பேசுவதாக ஒரு மாதம் முன்பே முடிவாகியிருந்தது. திட்ட மேலாளர் ராபர்ட் அழைப்பிதழை அவளிடம் நீட்டி, "தம்பிய காலைலயே கூட்டிட்டு வந்துடும்மா. ஸ்டேஜ்லயே ஒரு சேர் போட்டுடலாம். அந்த எடத்துலதான் ஜனங்க மனசு எளகுது" என்றார்.

அவள் நடந்ததைச் சொன்னாள். வடலூர் டீக்கடை வரைக்கும் சொன்னாள்.

ராபர்ட்டுக்கு ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பியது. முழங்காலுக்கு மேல் வரைக்கும் இரும்பும் தோல் வாருமாகக் காலிப்பர். உட்காரும்போது அதன் பூட்டை விடுவித்துக் காலை மடக்குவார். அன்று பூட்டில் கையை வைத்தவர் மடக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

"நான் ரெண்டாங் கிளாஸ் படிக்கறப்ப எங்க ஊர்ல சொட்டு மருந்து கேம்ப். போடாம வுட்டா இந்தப் பையன் மாதிரி ஆயிடும்னு சொல்லி டேபிள் மேல நிக்க வெச்சாங்க. டிராயர கொஞ்சம் தூக்கிக் காட்டச் சொன்னாங்க. ஒரு பிஸ்கட் பாக்கெட் குடுத்தாங்க. அன்னைக்கு நெறைய புள்ளைங்களுக்கு மருந்து போட்டாங்கன்றதும் நெசம்தான்."

"சார்…"

"ஆனா அவுங்க சொன்னது எனக்குக் காதுல வுழுந்துச்சும்மா. என்னா சொல்றாங்கன்னு தெரிஞ்சுதான் நின்னேன்." உட்கார்ந்து காலிப்பரை மடக்கினார். "பேச்ச நிறுத்திடவா?"

வேண்டாம் என்று அவள் சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தாள். விருத்தாம்பாளின் மகள் ஒரு காரணம். இன்னொன்றும் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க அவளால் முடியவில்லை. அவனைக் கூப்பிடக் கூடாது என்பது மட்டும் தீர்மானமாயிற்று. கூப்பிடுவதற்கும் அவன் பார்க்கவேண்டுமே.

டிசம்பர் மூன்றாம் தேதி அவன் அவளுக்கு முன்னாலேயே எழுந்து போய்விட்டிருந்தான். அவள் குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் பஸ் பிடித்து மண்டபத்துக்கு வந்தாள். வாசலில் சாய்தளத்தை மறைத்துக்கொண்டு யாரோ கார் நிறுத்தியிருந்தார்கள். நாலு பேர் சேர்ந்து அதை நகர்த்தச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். சாய்தளத்துக்கு மேலே பெரிய பிளக்ஸ். அதில் அவள் பெயரும் இருந்தது: 'நெருங்கிய உறவில் திருமணம் – விழிப்புணர்வு உரை: திருமதி அ. சத்யப்பிரியா.' கீழ் மூலையில் பொடி எழுத்தில் அச்சிட்ட கடையின் பெயர். அறிவழகன் வேலை செய்யும் கடை. ராபர்ட் வழக்கமாக ஆர்டர் கொடுக்கும் இடம் அதுதான், அவளுக்கு அது நினைவே இல்லை. அவளுடைய பெயரை எழுத்தெழுத்தாக அடித்து, நடுவில் நிறுத்தி, மற்ற பெயர்களின் அளவுக்குச் சரிபார்த்தது அவன்தான்.

மேடையேறி மைக்கைக் கையில் வாங்கியபோது அவனைப் பார்த்தாள். முதல் வரிசை, இடது ஓரம். இளநீலச் சட்டை இல்லை, கடைக்குப் போட்டுக்கொண்டு போகும் டீ சர்ட். பக்கத்தில் கடற்கரை நண்பர்கள் மூன்று பேர், அவர்களில் ஒருவர் பெண். நாலு பேர் கையிலும் போன். நாலும் அவள் வாயைப் பார்த்து நிமிர்ந்திருந்தன.

வணக்கம் சொன்னாள். நாலு தலையும் திரையில் குனிந்தன. வணக்கம் என்று அதில் எழுத்து வந்திருக்கும். தன் பேச்சுக்கு இத்தனை கவனமான கூட்டம் இதுவரை அமைந்ததே இல்லை என்று நினைத்தாள்.

"எங்கம்மாவுக்கு எங்கப்பா சொந்தத் தாய்மாமன்." அது உண்மை, சொன்னாள். வாய்ப்பு ஜாஸ்தி என்று டாக்டர்கள் சொல்வதைச் சொன்னாள். எல்லாருக்கும் வரும் என்பதில்லை, வராமலும் போகலாம் என்று முன்பெல்லாம் விட்டுவிடுகிற வரியையும் சேர்த்துச் சொன்னாள். "மொதல்ல நான் பொறந்தேன். ரெண்டாவது பொறந்தது என் தம்பி."

வலது கை தானாக எழும்பியது. மூன்று வருஷப் பழக்கம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஐந்நூறு பேரும் அந்தக் கை காட்டப்போகும் இடத்தைப் பார்க்கத் திரும்பினார்கள். கை பாதியில் நின்றது. மண்டபத்தில் அதே பழைய அமைதி. அவளுக்கு அது இப்போது பிடிக்கவில்லை.

முதல் வரிசையில் நாலு பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசாததால் அங்கே புதிதாக ஒன்றும் வரவில்லை. அறிவழகன் போனை லேசாக ஆட்டிப் பார்த்தான், நின்றுவிட்டதோ என்று.

அவள் மைக்கைத் தாங்கியில் மாட்டினாள். இரண்டு கையும் காலியாயின.

"இதுக்கு மேல நான் எப்பவும் ஒண்ணு சொல்வேன்" என்றாள். வாயால் சொல்லிக்கொண்டே கையாலும் சொன்னாள். ஐந்நூறு பேர் முன்னால் வீட்டுக் கைப்பேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "அவனுக்கு வேற ஒண்ணு சொல்லிட்டு, அவன வெச்சிகிட்டே ஒங்க கிட்ட அத சொல்வேன்." தன்னைக் குறிக்க மூக்குத்தியைத் தொட்டாள். சின்ன வயதில் அவன் அவளுக்கு வைத்த சைகைப் பெயர் அது. "அவன் எழுந்து ஒங்களுக்குக் கும்பிடு போடுவான்." கூரை போட்டுக் காட்டினாள். நாலு விரல், பிறகு ஒரு விரல். "நாப்பத்தொரு ஊரு."

மேடையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். ராபர்ட் எழுந்து நிற்க, அவருடைய காலிப்பர் பூட்டு டக்கென்று விழும் சத்தம் கேட்டது.

அந்த ஒற்றை விரலை அவள் இன்னும் இறக்கவில்லை. அறிவழகன் திரையில் கடைசி வரியைப் படித்தான். படித்துவிட்டு, மூன்று வாரத்தில் முதல் தடவையாக, நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள், வாயும் கையுமாக. அவன் மடியில் சாய்ந்துவிட்ட போனில் அந்தப் பேச்சு வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை யாரும் படிக்கவில்லை.